கடல் வருமுன் பிடித்த மீன்

இன்று காலை முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தேன். அடுப்பில் மிளகும் உள்ளியும் வறுபட்டு, மணம் குசினியை நிறைத்திருந்தது. பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்ட மகள் தலையை உள்ளே நீட்டி, "இண்டைக்கும் இலைதானா அம்மா?" என்றாள். நான் திட்ட வாயெடுத்தேன். அதற்குள் உன் குரல் எனக்குள்ளே முந்திக்கொண்டது. "இலை இல்லாத சோறும் ஒரு சோறா? வெள்ளச் சீல கட்டின மாதிரி." எத்தனை தரம் இதைச் சொல்லியிருப்பாய்! மகள் போன பிறகும் நான் வெறும் காம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.

உன் ஆண்டு நினைவுக்கு ஒரு மடல் அச்சடிக்கிறார்கள். போன கிழமை உன் கணவர் வந்து, "நீங்கதான் தங்கச்சி அவவோட நெருக்கம். நாலு வரி எழுதித் தாங்க" என்று கேட்டார். மாதிரிக்கு வேறு யாருக்கோ அடித்த மடல் ஒன்றையும் தந்துவிட்டுப் போனார். அதில் 'அமைதியின் வடிவமாய், அதிர்ந்து பேசாத பண்பினளாய்' என்று இருந்தது. நீயா? நீ நம் ஊர் கல்லடியில் நின்று கூப்பிட்டால் வாவிப் பாலத்துக்கு அங்கால கேட்கும். அந்த நாலு வரியை வேறு யாராவது எழுதட்டும். நான் எழுதுவது உனக்கு.

உன் வீடும் என் வீடும் இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் இருந்தன. நீ கரைவலைக்காரரின் மனைவி, ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி. நான் தச்சுவேலைக்காரரின் மனைவி, எனக்கு அம்மன் கோயில். சந்தையில் கண்டால் சிரிப்போம், அவ்வளவுதான். கடல் ஊருக்குள் வந்து போன பிறகு எங்களைத் தகரக் கொட்டில்களில் கொண்டுபோய் வைத்தார்கள். உன் கொட்டிலுக்கும் என் கொட்டிலுக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டி. நான் அழுதால் உனக்குக் கேட்கும். நீ புருசனோடு சண்டை பிடித்தால் எனக்குக் கேட்கும். அப்படித்தான் நாம் கூட்டாளிகளானோம்.

பாலர் வகுப்பில் சேர்த்திருந்த என் மூத்தவனைக் கடல் கொண்டுபோய்விட்டது. கிடைக்கவில்லை. இதற்குமேல் அதைப் பற்றி எழுதமாட்டேன், உனக்குத் தெரிந்ததுதான். அப்போது இந்த மகள் வயிற்றில் இருந்தாள். கொட்டிலுக்கு வந்து கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரியில் இவளைப் பெற்றுக்கொண்டு திரும்பி வந்தேன். பெற்றேன் என்றுதான் பெயர். பிள்ளையைப் பக்கத்தில் கிடத்திவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

சோறு இறங்கவில்லை. நிவாரணத்துக்கு வந்த சாப்பாட்டுப் பார்சலைத் திறந்தால் அந்த ஆறிய பருப்பு மணம் குமட்டும். சாப்பிடாதவளுக்குப் பால் எங்கிருந்து வரும்? பிள்ளை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு வீரிட்டுக் கத்தும். பிறகு கத்தவும் சத்தில்லாமல் முனகும். நிறை பார்க்க வந்த மருத்துவமாது தராசைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "பிள்ளட நிறை இறங்கிக்கொண்டே போகுது. நீங்க சாப்பிடாட்டி இவள் தங்கமாட்டாள்" என்று நேரே சொன்னாள். நல்ல மனதோடு யாரோ ஒரு பால்மா டின் கொண்டுவந்து தந்தார்கள். நீ அதைப் பறித்துக் கூரை வளையில் செருகினாய். "கிணறெல்லாம் உப்பும் சேறுமாக் கிடக்கு. இந்தத் தண்ணியில கரைச்சுக் குடுத்தா வயித்தால போயே முடிஞ்சிடும். இவளுக்குத் தாய்ப்பால்தான். நான் வர வைக்கிறன்" என்றாய். பால் என்னவோ உன்னுடையது போலச் சொன்னாய்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற என்ன கொடுப்பது என்று கேட்டால் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். சுறா. சுறாப் புட்டு, மிளகும் உள்ளியும் அரைத்துப் போட்ட சுறாக் கறி. ஆனால் அந்த மாதங்களில் கல்லடியில் யாரும் மீன் தின்னவில்லை. கூட்டம் கூடித் தீர்மானித்த விசயமல்ல. கிடைக்காமல் போனவர்கள் எல்லாரும் கடலுக்குள் இருந்தார்கள். அந்தக் கடலின் மீனைச் சட்டியில் போட எவளுக்குக் கை வரும்? அதிலும் சுறா. உன் கணவரும் ஆட்களும் யாரோ கொடுத்த வலையைக் கொண்டுபோய் இழுத்தார்கள். மீன் பட்டது. வாங்க ஆளில்லாமல் மணலில் கிடந்து காகம் கொத்தியது என்று நீ வந்து சொன்னாய். நிவாரண டின்மீனைக்கூடச் சனம் தொடவில்லை. "அது எங்கட கடல் இல்லகா, எங்கயோ வெளிநாட்டுக் கடல்" என்று வாசல் வாசலாக வாதாடிப் பார்த்தாய். கடலெல்லாம் ஒரே தண்ணீர்தானே என்று நான் கேட்டேன். நீ டின்னைக் கொண்டுபோய்ப் பால்மாவுக்குப் பக்கத்தில் செருகிவிட்டாய்.

ஆகவே நீ இலையைப் பிடித்துக்கொண்டாய். கொட்டிலுக்கு வந்த நாளிலேயே நீ தோட்டம் தொடங்கியவள். "பார்சல் சோத்தத் தின்னுத் தின்னு நாமளும் பார்சலாப் போயிடுவம்" என்று சொல்லிக்கொண்டு, ஆட்கள் எறிந்த தண்ணீர்ப் போத்தல்களையும் மா வந்த சாக்குகளையும் பொறுக்கிச் சேர்த்தாய். முதலில் உன் பழைய வளவு மண்ணைத்தான் நிரப்பினாய். நட்ட வல்லாரை மஞ்சளாகிச் செத்துப் போனது. அந்த மண்ணில் ஒரு துளி கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்து, "தூ! இனி ஆணத்துக்கு உப்புப் போடத் தேவல்ல, இந்த மண்ணையே போடலாம்" என்று துப்பினாய். பிறகு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் இருந்த உன் சித்தப்பாவின் வட்டைக்குப் போய், வயல் வரம்போரத்து மண்ணைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தாய். சோதனைச் சாவடியில் இறக்கி அவிழ்க்கச் சொன்னார்களாம். வெறும் மண் என்றால் நம்பவில்லையாம், குத்திக் கிளறினார்களாம். "மண் கடத்துற ஒருத்திய இப்பதான் அவனுகள் கண்ணால கண்டிரிக்கானுகள்" என்று நீ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாய். அந்தக் கொட்டில் வரிசையில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது. அன்றைக்கு எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது, எப்படி இவளால் சிரிக்க முடிகிறது என்று.

மண் மாறியதும் எல்லாம் பிடித்துக்கொண்டன. கற்பூரவள்ளி, பொன்னாங்காணி, வல்லாரை, இரம்பை, ஒரு கறிவேப்பிலைக் கன்று. முருங்கையிலை சித்தப்பா வீட்டிலிருந்து கட்டுக் கட்டாக வந்தது. விடிந்ததும் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டி, இலையை இடித்துச் சாறு பிழிந்து, அரிசியும் உள்ளியும் தேங்காய்ப்பாலும் போட்டுக் கஞ்சி காய்ச்சுவாய். மத்தியானம் வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணிச் சுண்டல். நிவாரணப் பருப்பில்கூட இரம்பையும் கறிவேப்பிலையும் தாளித்துப் போட்டால் அது வேறு பருப்பாகிவிடும். அந்த மணத்துக்கே கொட்டில்களிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக வந்து குந்தினார்கள். இலையை நுனியோடு கிள்ளுவதா காம்போடு நறுக்குவதா, தேங்காயைச் சட்டி இறக்குமுன் போடுவதா இறக்கிப் போடுவதா என்று சண்டை. வீடில்லை, வாசலில்லை, ஆனால் வல்லாரைக்கு எலுமிச்சம்புளி எப்போது விடவேண்டும் என்பதில் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. உனக்கு அது வேலை இல்லை, விளையாட்டு. இலையைக் கசக்கி ஒவ்வொருவர் மூக்குக்குக் கீழேயும் கொண்டுபோய்ப் பிடிப்பாய்.

எனக்கும் பிடித்தாய். நான் முகத்தைத் திருப்பினேன். கஞ்சிக் கோப்பையை என் கையில் திணித்துவிட்டு நகராமல் இருந்தாய். நான் அழத் தொடங்கினேன். ஆறுதல் சொல்லுவாய் என்று நினைத்தேன். "அழு. நான் மறிக்கல்ல. கோப்பைய வெச்சிட்டு அழாத, குடிச்சிக்கொண்டு அழு" என்றாய். இப்படியும் ஒரு மனுசி உண்டா என்று இருந்தது. ஆனால் குடித்தேன். உன்னைப் போகவைக்க வேறு வழி இல்லை.

கஞ்சியில் பால் கொஞ்சம் ஊறியது. போதவில்லை. அடுத்த முறையும் தராசு இறங்கித்தான் நின்றது. மருத்துவமாது போன பிறகு நீ உன் காசு முடிச்சை அவிழ்த்து எண்ணினாய். மறுநாள் பக்கத்து ஊரான காத்தான்குடிக்குப் போனாய். மத்தியானம் வேர்த்து விறுவிறுத்து வந்து, கடதாசிப் பொதி ஒன்றை என் முன்னால் வைத்து அவிழ்த்தாய். சுறாக்கருவாடு.

"பயப்பிடாத. இது கடல் வர முன்னம் புடிச்ச மீன். ஒரு முஸ்லிம் காக்காட கடையில பின்னுக்குக் கிடந்த பழைய சரக்கு. கடை கடையாத் தேடி எடுத்தன். இந்த மீனுக்கு ஒண்டும் தெரியாதுகா" என்றாய்.

இந்த மீனுக்கு ஒன்றும் தெரியாது. இப்படி ஒரு நியாயம் எங்கள் கரையைத் தவிர வேறு எங்கே எடுபடும்? பின்னுக்கு நின்ற பெண்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். முன்னம் பிடித்ததென்றால் சரிதானே என்று ஒருத்தி மற்றவளைப் பார்த்தாள். நீ கருவாட்டை ஊறவைத்து அவித்து முள்ளெடுத்து உதிர்த்தாய். முருங்கையிலை, தேங்காய்ப்பூ, மிளகு, உள்ளி எல்லாம் சேர்த்துச் சுண்டிச் சுடச்சுடச் சோற்றின்மேல் போட்டுத் தந்தாய்.

நானும் கடற்கரையில் பிறந்தவள் என்பதை நீ மறந்துபோனாய். கடல் வந்தது நடு மழைக்காலத்தில். மாரிக்கு முன்னம் காய்ந்த கருவாடு அவ்வளவு மழை ஈரத்தையும் குடித்து மங்கிப் பழுத்துப் போயிருக்கும். உன் பொதியில் இருந்ததில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. மழை விட்ட பிறகு அடித்த வெயிலில் காய்ந்த மீன் அது. கடல் வந்து போன பிறகு பிடித்தது. அனேகமாக உன் கணவரின் வலையில் பட்டதாகவே இருக்கும்.

உன் முகத்தைப் பார்த்தேன். நீ சட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாய். பிள்ளை மடியில் முனகிக்கொண்டு கிடந்தாள். இந்தக் கடல் என் மூத்தவனைத் தரவில்லை. தராமல் வைத்துக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் இவளுக்கு வேண்டியதை நான் அதனிடமிருந்துதான் எடுப்பேன் என்று எனக்கு ஒரு வீம்பு வந்தது. பிசைந்தேன். முதல் கவளத்தைத் தண்ணீர் குடித்து இறக்கினேன். இரண்டாவது தானே இறங்கியது. கோப்பையை முடித்துவிட்டு, "இன்னும் கிடக்கா?" என்று கேட்டேன். நீ முகத்தை அங்கால திருப்பிக்கொண்டு அகப்பையைத் தேடினாய். அகப்பை உன் கையிலேயே இருந்தது.

முருங்கையா, கருவாடா, உள்ளியா, அல்லது நான் வயிறு நிறையத் தின்னத் தொடங்கியதா, எது செய்தது என்று எனக்குத் தெரியாது. பால் வந்தது. சட்டை நனைய வந்தது. தராசு ஏறிய அன்று வரிசை முழுக்க நடந்து, "நான் சொன்னனே, நான் சொன்னனே" என்று எல்லாருக்கும் அறிவித்துவிட்டு வந்தாய். கருவாட்டில் தொடங்கிய சனம் மெல்ல மெல்லப் பச்சை மீனுக்கும் வந்தது. உன் கணவரின் மீனைக் காகம் தின்ற காலம் முடிந்தது.

பிறகு எனக்குத் திராய்மடுவில் வீட்டுத்திட்ட வீடு கிடைத்தது. நீ கடலைவிட்டு வரமாட்டேன் என்று பழைய வளவுக்கே போனாய். செடிகளைப் பங்கு பிரித்தோம். கறிவேப்பிலைக்கு மட்டும் சண்டை பிடித்தோம், நீதான் வென்றாய். படுவான்கரைச் சனம் செல் குண்டுக்குத் தப்பி வாவியைக் கடந்து ஓடிவந்த வருடம் உன் சித்தப்பாவும் வந்தார். அவர் தந்த மண்ணில் முளைத்த இலையைப் பறித்துத்தான் அகதி முகாமில் அவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தோம். "இது என்ட வட்டை மண் மணக்குது" என்று அந்த மனிசன் கோப்பையை மணந்து பார்த்தது எனக்கு மறக்காது.

அதற்குப் பிறகு வன்னியில் கடைசிச் சண்டை. உன் தம்பி வருடக்கணக்காக அங்கே இருந்தான். தை மாதத்துக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. சண்டை முடிந்துவிட்டது என்று வானொலி சொன்ன கிழமை, உன் கணவர் பஸ் பிடித்து என் வாசலுக்கு வந்தார். "தங்கச்சி, அவ தின்னுறா இல்ல. தண்ணியும் வேணாமாம்" என்றார்.

நான் வந்தபோது உன் செடிகள் தண்ணீரில்லாமல் சுருண்டு கிடந்தன. நீ பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். நான் எப்படிப் படுத்திருந்தேனோ அப்படியே. கடைத்தெருப் பக்கம் வெற்றிப் பட்டாசு வெடித்தது. நீ திரும்பாமலே, "கேக்குதா?" என்றாய். நான் குசினிக்குப் போனேன். கொண்டுவந்த முருங்கையிலையை உருவினேன். சுறாக்கருவாட்டை ஊறவைத்தேன். சமைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தேன். நீ கையால் தட்டிவிட்டாய். சோறு நிலமெல்லாம் கொட்டியது. கூட்டி அள்ளிவிட்டு இன்னொரு கோப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

"அண்டைக்கு நீ தந்த கருவாடு பழசில்ல. எனக்குத் தெரியும்" என்றேன்.

நீ மெல்லத் திரும்பினாய். "தெரிஞ்சுமா தின்ன?"

"ஓம். தெரிஞ்சுதான் தின்னன். பிள்ளைக்குப் பால் வேணும், அதுக்காகத் தின்னன். நீ என்னத் தின்ன வைக்கிறதுக்குப் பொய் சொன்னாய். நான் உனக்குப் பொய் சொல்லமாட்டன். தம்பி வருவானோ இல்லையோ எனக்குத் தெரியா. வந்தா அவன் அக்காவத்தான் தேடி வருவான். வரல்ல எண்டா நீதான் அவனத் தேடித் திரியோணும். அதுக்கு உன்ட கால்ல பலம் வேணும். தின்னு."

நீ எழுந்து உட்கார்ந்தாய். என்னை முறைத்தாய். ஒரு வாய் வைத்தாய், இன்னொரு வாய் வைத்தாய். பாதியில் நிறுத்திவிட்டு, "உப்புக் கூட. இவ்வளவு காலமாச் சமைக்கிறாய், இன்னும் கருவாட்டுக்கு உப்புப் பாக்கத் தெரியா" என்றாய். எனக்கு உயிர் வந்தது. சுருண்டுபோன செடிகளுக்கு அன்று பின்னேரம் நீயே எழுந்து தண்ணீர் ஊற்றினாய்.

அதற்குப் பிறகு நீ தேடாத இடமில்லை. வவுனியா முகாம்கள், சிறைச்சாலைகள், விசாரணை என்று கூப்பிட்ட கந்தோர்கள். போகும்போதெல்லாம் தம்பியின் படத்தோடு சோறும் கட்டிக்கொண்டு போவாய். வல்லாரைச் சம்பல், முருங்கையிலைச் சுண்டல், வாட்டின வாழையிலையில் கட்டின சோறு. ஒருமுறை நானும் கூட வந்தேன். பிள்ளைகளைத் தேடி வந்து வெயிலில் வரிசையாக இருந்த தாய்மாருக்குப் பொதியை அவிழ்த்துப் பிரித்துக் கொடுத்தாய். ஒரு தாய் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். நீ அவளுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டாய். இனி அவளுக்குத் தப்ப வழியில்லை என்று எனக்குத் தெரியும், சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அவள் தின்றாள்.

தம்பி கிடைக்கவில்லை. தேடிக்கொண்டிருக்கும்போதே உனக்கு வயிற்றில் அந்த நோய் வந்தது. கடைசிக் கிழமைகளில் உனக்கு இறங்கியது நான் வடித்துத் தந்த கஞ்சித் தண்ணீர் மட்டும்தான். அதற்கும் உப்புச் சரியில்லை என்றுதான் சொன்னாய்.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த பின்னேரம், பக்கத்து வீட்டார் செத்தவீட்டுக்குச் சோறு சமைத்துக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒருவரும் எடுக்கவில்லை. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்கள். உன் கணவர் சுவரோடு சாய்ந்து, நீ படுத்திருந்த பாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல்நாள் காலையிலிருந்து அந்த மனிசன் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை என்று உன் மச்சாள் சொன்னாள். நான் எழுந்து பின்வளவுக்குப் போனேன். உன் பொன்னாங்காணியையும் வல்லாரையையும் கை நிறையப் பறித்தேன். பக்கத்து வீட்டு அடுப்பில் சுண்டிக்கொண்டு வந்து, ஒரு கோப்பையில் சோறு போட்டு, நடுவீட்டில் இருந்து தின்னத் தொடங்கினேன்.

எனக்குப் பின்னால் ஒருத்தி, "உயிருக்குயிரான கூட்டாளி எண்டாங்க. பாரு தின்னுறத" என்றாள். எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள். சொல்லட்டும். கண்ணீர் சோற்றில் விழுந்தது, துடைக்கவில்லை, சேர்த்துப் பிசைந்தேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

கை கழுவிவிட்டு, இன்னொரு கோப்பையில் போட்டு உன் கணவரிடம் நீட்டினேன். அவர் வேண்டாம் என்று தலையை அசைத்தார். நான் கையை எடுக்கவில்லை. "வேணாம் தங்கச்சி, கொண்டுபோங்க" என்றார். நீட்டியபடியே நின்றேன். கை கடுத்தது. சனம் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் வாங்கும்வரை நின்றேன்.